சாராயத்துக்கும் பருந்துக்கும் ராஜ்யத்துக்கும்

பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையில் வந்திறங்கிய ஐரோப்பியச் சிப்பாய்களும் மாலுமிகளும் கோட்டை மதிலுக்கு வெளியே மலிவாக வாங்கிக் குடித்து, குடித்த இடத்திலேயே சுருண்டு விழுந்து, சில வேளைகளில் எழுந்திராமலே போய்விட்ட நச்சுச் சாராயத்துக்கு ஆங்கிலேயர் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். 'பரையா அராக்' என்பது அந்தப் பெயர். யூல், பர்னல் என்ற இருவர் தொகுத்து 1886இல் வெளியிட்ட 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி அதற்குத் தனி இடமே ஒதுக்கியிருக்கிறது. எஜமானனின்றித் தெருவில் திரியும் நாய் 'பரையா டாக்' ஆயிற்று. குப்பைமேட்டின்மேல் வட்டமிடும் கரும்பருந்து 'பரையா கைட்' ஆயிற்று. வருஷா வருஷம் சாராயக்கடைகளை ஏலம் விட்டு அரசாங்கமே வருமானம் காணும் புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பக்கங்களைப் புரட்டும்போது, அசுத்தமானது, கலப்படமானது, யாருக்கும் சொந்தமில்லாதது, தொட்டால் கை கழுவ வேண்டியது ஆகிய எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் அடைமொழியை இங்கிலீஷ்காரன் தேடியபோது, தன் தேசத்துச் சொற்கள் அத்தனையையும் விட்டுவிட்டு, நம்முடைய ஊர்க்கோடியில் குடிசை போட்டு வாழ்ந்த ஒரு ஜனசமூகத்தின் பெயரை ஏன் எடுத்துக்கொண்டான் என்ற கேள்வி எழாமல் இருப்பதில்லை.

அந்தச் சாராயம் இன்று இல்லை. பறவை நூல்களில் பருந்தின் பெயரைப் பெரும்பாலும் மாற்றிவிட்டார்கள். அடைமொழி மட்டும் அழியாமல், அதைவிடக் கௌரவமான உத்தியோகங்களில் அமர்ந்துவிட்டது. உலக சபைகளில் ஒதுக்கப்பட்ட ராஜ்யம் 'பரையா ஸ்டேட்'. ஊழலில் சிக்கிக் கட்சிக்காரர்களே கைவிட்ட மந்திரி 'பரையா'. சூதாட்டத்தில் பிடிபட்ட ஆட்டக்காரன் 'பரையா'. 2019இல் அமெரிக்க ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்த ஜோ பைடன், பத்திரிகையாளர் கஷோக்ஜியின் கொலையை முன்னிட்டுச் சவூதி அரேபியாவை இந்தச் சொல்லால்தான் குறிப்பிட்டார். ஜனாதிபதியான பிறகு 2022 ஜூலையில் ஜித்தாவுக்கே போய் அந்நாட்டு இளவரசரோடு முஷ்டியோடு முஷ்டி தட்டி முகமன் கூறினார். எண்ணெய்க் கிணறு உள்ளவர்களுக்கு இந்தக் களங்கம் மூன்று வருஷத்தில் துடைபட்டுவிடுகிறது என்பதையும், யாருடைய பெயரிலிருந்து அந்தக் களங்கம் செய்யப்பட்டதோ அவர்களுக்கு எத்தனை தலைமுறையானாலும் துடைபடுவதில்லை என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் சந்தர்ப்பம் அந்தப் பத்திரிகைச் செய்தியை வாசித்த லட்சக்கணக்கானவர்களில் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கும்!

பெயரின் பூர்வீகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, தமிழருக்குத் தெரிந்ததுதான். பறை அறைவோர் பறையர் என்று கால்டுவெல் பொருள் கண்டார். அதை ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு, அவர்களிடம் பிறகு வருகிறேன். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே போர்ச்சுகீசிய யாத்ரீகர் துவார்த்தே பர்போசாவின் குறிப்பேட்டில் இப்பெயர் ஏறிவிட்டது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பியர் நினைத்ததைப் போல இவர்கள் ஜாதியிலிருந்து தள்ளப்பட்டவர்கள் அல்லர். தமக்கென்று குலமுறையும், உட்பிரிவுகளும், மரபுரிமைகளும், சில கோயில் திருவிழாக்களில் பிறருக்கில்லாத சுதந்திரங்களும் உடைய ஒரு பெரிய சமூகத்தார். இதையும் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தின் அனுபந்தத்தில் வற்புறுத்தியிருக்கிறார். ஹாப்ஸன்-ஜாப்ஸன் தொகுப்பாளர்களும் அதை எடுத்துக்காட்டுகிறார்கள். ஆக, 'எல்லோராலும் வெளியே தள்ளப்பட்டவன்' என்ற அர்த்தம் தவறு என்று அந்த அர்த்தத்தைப் பரப்பிய பாஷையின் அகராதியே 1886இல் சொல்லிவிட்டது. சொல்லியும் பிரயோஜனம் இல்லை. அகராதி சொல்வதைக் கேட்டு எந்தப் பாஷையும் நடந்ததில்லை.

இங்கிலீஷ்காரனின் அலட்சியம்தான் இந்த விபரீதத்துக்குக் காரணம் என்று வெகுகாலம் நினைத்திருந்தவர்களில் நானும் ஒருவன். சாராயமும் நாயும் பருந்தும் அவனுடைய உபயம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அலட்சியத்துக்கு அவ்வளவு தூரம் பயணம் செய்யும் சக்தி கிடையாது. சாராயப் பீப்பாயோடும் கூடாரத்துச் சம்பாஷணையோடும் தேய்ந்து போயிருக்க வேண்டிய ஒரு சொல்லைப் பாரிஸ் நாடக மேடையிலும், நேப்பிள்ஸ் சங்கீத அரங்கிலும், வெய்மரில் கதேயின் மேஜையிலும் கொண்டுபோய் வைத்தது அனுதாபம். அதைச் செய்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். நம்முடைய ஊரை ஆண்டவர்களின் சுதேச ஜனங்கள்.

'பால் எ விர்ஜினி' எழுதிப் பேரெடுத்த பெர்னார்தேன் தெ ஸேன்-பியேர், பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருந்த 1791இல் 'இந்தியக் குடிசை' என்றொரு சிறு கதையை வெளியிட்டார். உலகமெங்கும் சத்தியத்தைத் தேடப் புறப்பட்ட இங்கிலீஷ் பண்டிதர்களில் ஒருவர் இந்தியா வந்து, பல்லக்கும் பரிவாரமுமாக ஜகந்நாதம் போய், அங்கே மஹா பிராமணர் ஒருவரிடம் தம் வினாக்களை வைத்து, கர்வமான விடைகளைப் பெற்றுக்கொண்டு மனங்கசந்து திரும்பும் வழியில், பெருமழைக்கு ஒதுங்க இடமில்லாமல் ஒரு பாரியாவின் குடிசையில் நுழைகிறார். குடிசைக்குள் நெருப்பு எரிகிறது, பழம் இருக்கிறது, புகை குடிக்கக் குழாய் இருக்கிறது, உடன்கட்டையிலிருந்து தப்பிய ஒரு பிராமண விதவை அவனுக்கு மனைவியாக இருக்கிறாள். சத்தியமும் அங்கேதான் இருக்கிறது. எளிய உள்ளத்தோடு தேடினால் கிடைக்கும் என்று பாரியா சொல்ல, பண்டிதர் தெளிந்து ஊர் திரும்புகிறார். கதை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆசிரியர் மொரீஷியஸ் வரைக்கும் வந்தவரேயன்றி இந்திய மண்ணை மிதித்தவர் அல்லர். அவருடைய பாரியாவுக்குப் பறை கிடையாது, சேரி கிடையாது, கூலி கொடுக்க மறுக்கும் மிராசுதார் கிடையாது, கிணறு கிடையாது. சுருங்கச் சொன்னால் பாரிஸில் ரூஸ்ஸோவைப் படித்த ஒரு சத்புருஷனுக்கு இடுப்பில் ஒரு துணியைச் சுற்றி மரத்தடியில் உட்கார வைத்திருக்கிறார். மெய்யான பறையரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அந்தக் கதைக்கு எந்த இடத்திலும் நேரவில்லை.

அவசியமில்லை என்று ஆகிவிட்டபின் வழி திறந்துவிட்டது. 1821இல் காஸிமீர் தெலவீஞ் 'லெ பாரியா' என்ற சோக நாடகத்தை ஓதெயோன் அரங்கில் ஏற்றினார். காசியில் தன் குலத்தை மறைத்துச் சேனாபதியான வீரன், பிரதான ஆசாரியரின் மகளைக் காதலித்து மடிகிற கதை. அதை வைத்துத் தோனிஸெத்தி 1829இல் நேப்பிள்ஸில் ஓர் இசைநாடகம் செய்தார். கதே 'பாரியா' என்ற மூன்று அங்கக் கவிதையை 1824இல் வெளியிட்டார். ஜெர்மானிய யூதரான மிகாயேல் பேர், குடியுரிமை மறுக்கப்பட்ட தம் ஜனங்களின் துக்கத்தை நேரே சொல்ல முடியாமல், 'பாரியா' என்ற நாடகமாக்கி பெர்லினில் மேடையேற்றினார். ஃப்ளோரா த்ரிஸ்தான் என்ற மாதரசி, கொடுமைக்காரக் கணவனை விட்டுப் பிரிந்து, தகப்பன் வழிச் சொத்தைக் கேட்டு பெரு தேசம் வரை கப்பலேறிப் போய்ச் சொத்துக் கிடைக்காமல் திரும்பி வந்து, 1838இல் அச்சிட்ட தம் சரித்திரத்துக்கு 'ஒரு பாரியாவின் யாத்திரைகள்' என்று தலைப்பிட்டார். மாக்ஸ் வேபர் யூதரைப் 'பாரியா ஜனம்' என்று சாஸ்திர பரிபாஷையாகவே ஆக்கினார். ஹன்னா அரெண்ட் 1944இல் அதே பெயரை எடுத்து, கௌரவத்தோடு ஒதுங்கி நிற்கும் ஒரு பரம்பரையை அதனுள் கண்டார். இவர்களில் யாரும் கெட்ட எண்ணத்தோடு எழுதியவர்கள் அல்லர். சிலர் தாங்களே உதைபட்டவர்கள். தம் காயத்துக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தபோது எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெயருக்கு உரியவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், வயலில் நாற்று நடுகிறார்கள், அவர்களுக்கும் வாசிக்கத் தெரிந்துவிடும் ஒரு காலம் வரும் என்ற நினைவு மட்டும் இவர்களில் ஒருவருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

பாரிஸில் இப்படி; பாரிஸின் கொடி பறந்த ஊரில் எப்படி?

மிஷன் வீதியில் இன்று நிற்கும் ஜென்மராக்கினி மாதா கோவிலை ஊரார் சம்பா கோவில் என்பார்கள். இப்போதைய கட்டடம் 'இந்தியக் குடிசை' வெளியான அதே 1791இல் மந்திரிக்கப்பட்டது. 1761இல் ஆங்கிலேயர் ஊரை இடித்துத் தள்ளியபோது அழிந்துபோன அதன் முன்னோடிக்குள்ளே நடந்த ஒரு சம்பவத்தை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில், 1745 அக்டோபரில், எழுதி வைத்திருக்கிறார். கோவிலுக்குள் வடபுறமாக ஒரு சுவர் எழுப்பியிருந்தார்கள். சுவருக்கு ஒரு பக்கம் பறையர் கிறிஸ்தவர்கள். மறுபக்கம் ஜாதிக் கிறிஸ்தவர்களும், சட்டைக்காரர்களும், வெள்ளைக்காரர்களும். காரைக்காலிலிருந்து வந்த பாதிரியார் ஒருவர் தூண்ட, பறையர்கள் பெரிய பாதிரியாரிடம் போய், நாங்களும் உம்முடைய சிஷ்யர்கள்தாமே, சுவாமியின் சந்நிதியில் எங்களுக்கு மட்டும் ஏன் இந்தத் தடுப்பு என்று கேட்டார்கள். கேட்டது நியாயம் என்று பாதிரியார் சுவரை இடிக்கச் சொன்னார், இடித்தாயிற்று. அடுத்து, குவர்னர் துய்ப்ளேக்சின் துபாஷி கனகராய முதலியாரின் உறவினர் மனைவி நகைகளும் வாசனைத் திரவியங்களுமாகப் பூசைக்கு வந்தபோது பாதிரியார் அவளைக் கடிந்து அனுப்ப, ஜாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள், விவகாரம் குவர்னர் வரை போயிற்று. பிள்ளையவர்களோ சரக்கு விலையையும் கப்பல் வரவையும் எழுதும் அதே நிதானத்தோடு இதையும் எழுதிவிட்டுப் போகிறார். சுவர் போனதில் அவருக்குச் சந்தோஷம் இருந்ததாகவோ துக்கம் இருந்ததாகவோ கண்டுபிடிப்பது கஷ்டம். அவர் வைஷ்ணவர், அது அடுத்த வீட்டுச் சண்டை. எனக்கு அந்தப் பக்கத்தில் விசேஷமாகப் படுவது, அந்தப் பறையர்கள் கேட்ட கேள்விதான். பெர்னார்தேனின் பாரியா நாற்பத்தாறு வருஷம் கழித்து வந்து, மழைக்கு ஒதுங்கிய துரைக்குப் பழம் கொடுத்து உபதேசம் செய்கிறான். சம்பா கோவிலின் பறையர்கள் உபதேசம் ஒன்றும் செய்யவில்லை, சுவரை எடு என்றார்கள். ஐரோப்பா முன்னதை எடுத்துக்கொண்டது.

பெயரைக் கழற்றிப் போடுவதற்கும் இந்த ஊரில் வழிகள் இருந்தன. 1881 செப்டம்பர் 21ஆம் தேதி பிறந்த ஒரு பிரெஞ்சு ஆக்ஞைப்படி, ஒருவன் அதிகாரியின் முன்னிலையில் தன் குலாசாரச் சட்டத்தைத் துறப்பதாகக் கையெழுத்திட்டு, தனக்கொரு குடும்பப் பெயரைத் தெரிந்துகொண்டால், அவனும் அவன் சந்ததியும் பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்கு உட்பட்ட பிரஜைகள் ஆகிவிடலாம். ஐரோப்பியச் சப்பாத்து அணிந்து நியாயஸ்தலத்தில் நின்றதற்காக 1873இல் தண்டிக்கப்பட்டு, பாரிஸ் வரை வழக்கை நடத்தி ஜெயித்த வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை, 'லாபோர்த்' என்ற பெயரை ஏற்று இந்த இயக்கத்துக்கு முன்னணியில் நின்றார்; அப்பெயருக்குக் கதவு என்று பொருள். கதவின் வழியே ஆவலோடு நுழைந்தவர்களில் பறையர் வகுப்புக் கிறிஸ்தவர்கள் கணிசமானவர்கள். தகப்பன் பெயரைக் கேட்டால் ஜாதி தெரிந்துவிடும் ஊரில், கேட்டவன் வாயில் நுழையாத ஒரு பிரெஞ்சுப் பெயர் எவ்வளவு பெரிய நிம்மதி! ஆனால் 1884இல் சர்க்கார் வாக்காளர் ஜாபிதாவை மூன்றாகப் பிரித்தது: ஐரோப்பியருக்கு ஒன்று, குலாசாரம் துறந்த ரெனோன்சான்களுக்கு ஒன்று, ஏனைய இந்தியருக்கு ஒன்று. சம்பா கோவில் சுவரைக் காகிதத்தில் கட்டியது போலத்தான்.

இன்னொரு வழியை ஈசுவரன் தர்மராஜா கோவில் தெருவில் குடியிருந்த சுப்பிரமணிய பாரதி காட்டினார். 1913இல் கனகலிங்கம் என்ற இளைஞருக்குப் பூணூல் போட்டு, காயத்ரியும் உபதேசித்து, இனி நீ பிராமணன் என்றார். அந்த இளைஞர் பிற்காலத்தில் தம் குருநாதரைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். அந்தச் செய்கையின் துணிச்சலில் எனக்குக் குறை காண மனமில்லை. ஆயினும் ஒருவனை உயர்த்துவதற்கு அவன் பெயரை மாற்றினால்தான் முடியும் என்பதில் லாபோர்த்தின் குடும்பப் பெயரும் பாரதியின் பூணூலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. பெயரை இருந்தபடியே வைத்துக்கொண்டு சுவரை மட்டும் எடுப்பது இரண்டு பேருக்கும் கைகூடவில்லை.

அந்தக் காரியத்தைத் துணிந்து பார்த்தவர் சென்னையில் இருந்தார். இரட்டைமலை சீனிவாசன் 1893 அக்டோபரில் தொடங்கிய பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். எந்தப் பெயரைக் கேட்டு நம்மவர் தலை குனிகிறார்களோ அந்தப் பெயரோடு வெளியே வந்து நின்றாலன்றி உரிமை கேட்க முடியாது என்பது அவர் கட்சி. ஏழு வருஷம் அதை நடத்தினார். அவருடைய உறவினரான அயோத்திதாச பண்டிதரோ நேர் எதிர்க்கட்சி: பறையன் என்பது எங்கள் பெயரே அல்ல, பூர்வ பௌத்தர்களாகிய எங்களைப் பகைத்தவர்கள் சூட்டிய இழிசொல் என்றார், 1907இல் தாம் தொடங்கிய பத்திரிகைக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயரிட்டார். பண்டிதரின் சொல்லாராய்ச்சிகள் பலவற்றை என்னால் ஒப்புக்கொள்ள முடிவதில்லை. ஆனால் பெயர் வேறொருவன் கையில் ஆயுதமாகிவிட்டபின் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பதால் லாபமில்லை என்று அவர் கண்டதில், பாரிஸிலும் பெர்லினிலும் நடந்துகொண்டிருந்ததை அறியாமலே அறிந்த ஒரு தீட்சண்யம் இருக்கிறது. சீனிவாசனுடைய வழி வீரம் மிகுந்தது. பண்டிதருடையது தூரம் பார்த்தது. சரித்திரம் பண்டிதர் பக்கம் சாய்ந்தது. எம். சி. ராஜாவின் முயற்சியால் சென்னைச் சட்டசபை தீர்மானம் நிறைவேற்ற, 1922 மார்ச்சில் சென்னை சர்க்கார் தன் தஸ்தாவேஜுகளில் பழைய பெயரை நீக்கி 'ஆதி திராவிடர்' என்று எழுத உத்தரவிட்டது.

அந்த உத்தரவின் மை காய்வதற்குள், 1922 ஏப்ரல் முதல் தேதி, பாரிஸில் ஒரு பத்திரிகை பிறந்தது. பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளிலிருந்து வந்து சேர்ந்த ஆப்பிரிக்கர், அண்டிலியர், மடகாஸ்கர்க்காரர், அன்னாமியர் ஆகியோர் கூடி நடத்திய அதன் பெயர் 'லெ பாரியா'. எழுதியும், படம் வரைந்தும், மூட்டை கட்டி அனுப்பியும் அதற்கு உயிராயிருந்தவர் பின்னாளில் ஹோ சி மின் என்று உலகறிந்த இளைஞர். பத்திரிகைத் தலைப்பின் இருபுறமும் அரபு எழுத்தும் சீன எழுத்தும் இருந்தன. சொல்லைக் கொடுத்த பாஷையின் எழுத்து இல்லை. அடிமைப்பட்டவர்கள் எல்லோரும் தங்களைப் பாரியா என்று அழைத்துக்கொண்டு ஏகாதிபத்தியத்தை எதிர்த்த அதே வருஷங்களில், ஹோ சி மின்னின் தாய்நாட்டுத் தென்பகுதியாகிய கொச்சின்சீனாவில், சைகோன் தெருக்களில், பிரெஞ்சுப் பிரஜைகளாகிவிட்ட புதுச்சேரி ரெனோன்சான்கள் போலீஸ்காரர்களாகவும், வரி வசூலிக்கும் சிப்பந்திகளாகவும், தேர்தலில் வாக்குரிமை உள்ளவர்களாகவும் நடமாடிக்கொண்டிருந்தார்கள். அன்னாமியனுக்கு அந்த வாக்கு இல்லை. பாரியா என்ற பட்டம் ஒருவனிடமும் அந்தப் பட்டத்துக்குப் பிறந்த உரிமைக்காரன் மற்றொருவனிடமும் போய்ச் சேர்ந்த விநோதத்தை எந்த நாடகாசிரியரும் கற்பனை செய்திருக்க மாட்டார். சைகோன் சம்பாத்தியத்தில் எழுந்த வீடுகள் இன்றும் இங்கே நிற்கின்றன. சில வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை 'நெம்' என்னும் வியட்நாமியப் பலகாரம் சுடுகிறார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் உழைத்துச் 'சொல்தா' பென்ஷன் வாங்கும் முதியவர்களிடம் பெயரைப் பற்றிக் கேட்டால், பிரெஞ்சுப் பெயரை மூன்று அட்சரமாகச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள். கேட்பது மரியாதை அல்ல.

சுதந்திரத்துக்குப் பிறகு நம்முடைய சட்டம் இந்தப் பெயரை இரண்டு விதமாகக் கையாளுகிறது. சண்டையில் இதைச் சொல்லி ஏசினால் 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். தமிழன் வாயில் இந்தப் பெயர் எத்தனை நூற்றாண்டு வசவாக இருந்தது என்பதற்கு அந்தச் சட்டமே சாட்சி, இங்கிலீஷ்காரனை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. அதே சமயம், புதுச்சேரிக்கென்று 1964இல் பிறந்த பட்டியல் ஜாதி ஆணையில் இப்பெயர் ஓர் உரிமையின் சாவியாக அச்சாகியிருக்கிறது. தாசில்தார் அலுவலகத்தில் வாங்கும் ஜாதிச் சான்றிதழில் இது இல்லாவிட்டால் படிப்பு உதவி இல்லை, இடம் இல்லை.

இந்த இரண்டும் மூன்றாவதாகிய இங்கிலீஷ் அர்த்தத்தோடு மோதிய ஒரு நிமிஷத்தைப் பார்த்தேன். வங்கிப் பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு நண்பர் ஒருவர் நடத்தும் வகுப்பில் மாலை வேளைகளில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போவதுண்டு. கையேட்டில் அன்றைய பக்கத்தில், களங்கப்பட்ட, அவமானப்பட்ட, விலக்கப்பட்ட என்ற பொருளில் வரும் சொற்களை வரிசையாகக் கொடுத்து, ஒத்த பொருளுள்ளதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தார்கள். அந்த வரிசையில் இதுவும் இருந்தது. நான் உச்சரித்துக் காட்டினேன். வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வரும் ஒரு பெண் தலை நிமிர்ந்தாள்.

"சார், இது எங்க சர்டிபிகேட்ல போட்டிருக்கிற பேராச்சே?"

வகுப்பு சிரிக்கவில்லை, அதுவே பெரிய காரியம். நான் பறை, பர்போசா, பெர்னார்தேன் என்று எனக்குத் தெரிந்ததை ஒரு கால்மணி நேரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும், "ஆப்ஷன்ல வந்தா இதத்தான் டிக் அடிக்கணுமா சார்?" என்றாள்.

"அடிச்சுத்தான் ஆகணும்மா. இல்லேன்னா மார்க் போயிடும்."

"சரி சார்" என்று அதன் கீழே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டாள். எனக்குத்தான் அடுத்த சொல் என்னவென்று ஞாபகமில்லை.

கோடு போட மறுத்தவர்களும் இருக்கிறார்கள். மலேசியாவில் அப்துல்லா ஹுசைன் எழுதி 1971இல் வெளிவந்த 'இன்டர்லோக்' என்ற மலாய் நாவலை 2011இல் பள்ளிக்கூடப் பாடமாக வைத்தபோது, தென்னிந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தவர்களை இந்தச் சொல்லால் வகைப்படுத்திய வாசகங்களைக் கண்டு தமிழர்கள் கிளர்ச்சி செய்தார்கள். முதலில் திருத்துவதாகச் சொன்ன சர்க்கார், அந்த வருஷ முடிவில் நாவலையே பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. மலாய் பாஷையில் இச்சொல் கடும் வசவாகப் புழங்குவது பிரசித்தம். ஆகையால் கோபம் நியாயமானதே. ஆனாலும் அந்தக் கோபத்தில் இரண்டு சுருதிகள் கலந்து ஒலித்ததாக எனக்குப் படுகிறது. எங்களை இப்படி இழிவாகச் சொல்லாதே என்பது ஒன்று. எங்களை அவர்களோடு சேர்த்துச் சொல்லாதே என்பது மற்றொன்று. இரண்டாவது சுருதியைக் கேட்டவுடன் 1745இன் ஜாதிக் கிறிஸ்தவர்களை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

நம்முடைய தமிழ்ப் பத்திரிகைகளின் விஷயம் தனி. வெளிநாட்டுச் செய்தியில் 'பரையா ஸ்டேட்' வந்தால், மூலச்சொல்லைத் தமிழில் போட முடியாதென்று உதவியாசிரியருக்குத் தெரியும். உடனே 'தீண்டத்தகாத நாடு' என்று போட்டுவிடுகிறார். தேர்தல் வந்தால் கூட்டணித் தலைவர்கள், எங்களுக்கு எந்தக் கட்சியும் தீண்டத்தகாத கட்சி அல்ல என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்கள். அரசியல் சாசனத்தின் 17ஆம் ஷரத்து ஒழித்துவிட்ட ஒன்றை உவமானமாக வைத்துப் பேசுவதில் யாருக்கும் நாக் கூசுவதில்லை. 'சேரி' என்ற சொல்லும் இப்படித்தான் பழைய தமிழில் வெறும் குடியிருப்பாக இருந்து பின்னால் குறுகிப்போயிற்று. ஆனால் 2006இல் பாண்டிச்சேரி என்ற திரிபை விட்டு, சேரி என்பது தெளிவாகக் காதில் விழும் புதுச்சேரி என்ற பெயரைச் சட்டப்படி ஏற்றுக்கொண்டபோது ஊரில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

ஆங்கிலப் பிரயோகத்தில் எல்லாவற்றிலும் விபரீதமாக எனக்குத் தோன்றுவது வேறு. 1970களில் இந்த அடைமொழியை அரசியல் எழுத்தில் நிலைநாட்டிய உதாரணங்களில் முதன்மையானது தென்னாப்பிரிக்கா. நிறத்தைக் காரணம் காட்டிப் பெருவாரியான ஜனங்களுக்குத் தனிக் குடியிருப்பு, தனிப் பள்ளிக்கூடம், தனிக் கடற்கரை, தனிப் பெஞ்சு என்று வகுத்துத் தீண்டாமையை இலாகாப் போட்டு நடத்திய ஒரு வெள்ளை சர்க்காரைக் கண்டிக்க நினைத்த நல்லவர்கள், அதற்குத் தேர்ந்தெடுத்த பெயர் தீண்டாமைக்கு ஆளானவனுடைய பெயர். சுவர் கட்டினவனுக்குச் சுவருக்கு அப்பால் நின்றவனின் பெயரைச் சூட்டினார்கள். பெர்னார்தேனின் அனுதாபம் ஏறத்தாழ இருநூறு வருஷங்களில் வந்து சேர்ந்த இடம் இது. அந்த சர்க்காருக்கு நேர்ந்ததைச் சொல்ல அடைமொழியே தேவையில்லை. 1946இல் இந்தியா அதனோடு வியாபாரத்தை நிறுத்தியது. 1961இல் அது காமன்வெல்த்தை விட்டு வெளியேற நேர்ந்தது. 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அதற்கு இடம் கொடுக்கவில்லை. பத்திரிகைக்கு அனுப்பும் இங்கிலீஷ் கட்டுரையொன்றில் இந்தச் சொல்லைப் போடலாமா என்று இளம் நண்பர்கள் கேட்டால், வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. யார் யாரோடு எந்தத் தேதியில் எதை நிறுத்தினார்கள் என்று எழுதிப் பார்க்கச் சொல்கிறேன், எழுதி முடித்தபின் அந்தச் சொல்லுக்கு இன்னும் இடமிருந்தால் போட்டுக்கொள்ளட்டும்.